நாகலாபுரம் மலையில் தூர்ந்துபோன ஒற்றையடிப் பாதையைக் கண்டறிந்து நடப்பது எப்படி?

கேள்வி: கொருக்குப்பேட்டைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். வடசென்னையின் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பகுதிகளைச் சேர்ந்த நாங்கள் ஐந்து பேர், மழைக்காலம் முடிந்து ஓடைகள் வடியத் தொடங்கும் தை மாதத்தில் ஆந்திரத்திலுள்ள நாகலாபுரம் மலைப்பகுதிக்குச் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி என்று எங்களுக்குப் பழகிய சாலையிலேயே போய்ச் சேரலாம். அடிவாரத்திலிருந்து முதல் மடு வரையிலான பாதையில் எங்களில் சிலர் முன்பே நடந்திருக்கிறோம்; அதுவரை கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடலாம்.

எங்கள் ஐயம் அந்த மடுவுக்கு அப்பால் தொடங்குகிறது. அங்கே ஓடையை விட்டு விலகி, இடப்பக்கச் சரிவில் ஏறி, இரண்டு முகடுகளுக்கு நடுவிலுள்ள தாழ்வைக் கடந்து, மறுபக்கப் பள்ளத்தாக்கில் இறங்கும் பழைய ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டென்று அடிவாரத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்கிறார். மாடு மேய்த்தவர்களும் விறகெடுத்தவர்களும் ஒரு காலத்தில் அன்றாடம் நடந்த அந்தப் பாதையில் இப்போது யாரும் போவதில்லையாம். எங்களுடன் வருவதற்கு அவர் இசைந்திருக்கிறார். ஆனால் மேற்பகுதிக்குத் தாமே போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், எங்கெங்கே புதர் மூடியிருக்கிறதென்று சொல்ல இயலாது என்றும் கூறிவிட்டார்.

எங்கள் பகுதியில் ஏறுவதற்கு உயரமென்று இருப்பவை மேம்பாலங்கள் மட்டுமே. ஆகவே மலையின் போக்கைப் பார்த்துப் பழகிய கண் எங்களுக்கு இல்லை. கிளம்பும் முன் எதைப் படித்துக்கொள்ள வேண்டும், பாதை இரண்டாகப் பிரியுமிடத்தில் எது பழைய பாதை என்று எப்படி முடிவு செய்வது, தடம் அறவே மறைந்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவர்களாக இருப்போம். ‘அனுபவசாலியுடன் போங்கள்’ என்ற அறிவுரையை மட்டும் தயவுசெய்து தவிர்க்கவும். உடன் வருபவர் அனுபவசாலிதான்.

மறுமொழி 1: பெரம்பூர் புவியியல் ஆசிரியை

வணக்கம். நீங்கள் பாதையைத் தரையில் தேடுவதிலிருந்து தொடங்குகிறீர்கள். நான் அதற்கு ஒரு படி முன்னால் தொடங்கச் சொல்வேன். மாடு மேய்ப்பவரும் விறகுச் சுமைகாரரும் போட்ட பாதை தற்செயலாக உண்டானதன்று. சுமையோடு நடப்பவர் வீணாக ஏறமாட்டார், ஏறிய உயரத்தை வீணாக இழக்கவும் மாட்டார், செங்குத்துப் பாறையைச் சுற்றிக்கொண்டுதான் போவார், முகட்டைத் தாண்ட வேண்டுமென்றால் அதன் மிகத் தாழ்ந்த இடத்தில்தான் தாண்டுவார். எனவே நிலத்தின் அமைப்பை நீங்கள் அறிந்திருந்தால், பாதை எங்கே போயிருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிட முடியும். தரையில் தென்படும் தடம் அந்த ஊகத்தை உறுதிசெய்யும் சான்று. ஊகம் ஏதுமில்லாமல் தடத்தை மட்டும் நம்பிப் போகிறவர்கள், ஆடு போன வழியெல்லாம் போய்க்கொண்டிருப்பார்கள்.

இதற்குக் கைக்கொள்ள வேண்டிய கருவி, டோப்போ ஷீட் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் தலப்படம். 1767 முதல் இயங்கிவரும் இந்திய நில அளவைத் துறை 1:50,000 அளவில் வெளியிடும் தலப்படத்தில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். சம உயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் வரையப்பட்டிருக்கும். பொதுமக்களுக்கான தலப்படங்களை அத்துறையின் இணையதளத்திலேயே பதிவிறக்கிக்கொள்ளலாம். பழைய பதிப்பு கிடைத்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். இன்று மறைந்துபோன ஒற்றையடிப் பாதைகள் அவற்றில் சிவப்பு விட்டுவிட்ட கோடுகளாகப் பதிவாகியிருக்கக்கூடும். ஆனால் ஓர் எச்சரிக்கை: பழைய பதிப்புகள், கைப்பேசி பயன்படுத்தும் கணக்கிலிருந்து வேறுபட்ட, எவரெஸ்ட் நீள்வட்டக் கோளம் என்ற பழைய புவி மாதிரியை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றில் படித்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அப்படியே கைப்பேசியில் இட்டால் நம் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் இடம் விலகிவிடும். அந்தப் பாதையை ஓடை, முகடு, தாழ்வு ஆகியவற்றுடன் ஒப்பிட்டுத்தான் புதிய படத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

சம உயரக் கோடுகளைப் படிப்பதற்கு நீண்ட பாடம் தேவையில்லை. கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்தாகிறது, விலகினால் மட்டமாகிறது. கோடுகளின் வளைவு மேட்டை நோக்கிக் கூராகக் குத்தினால் அது ஓடை. பள்ளத்தை நோக்கிப் பிதுங்கினால் அது முகட்டின் கிளை. இரண்டு உயரங்களுக்கு நடுவே கோடுகள் மணற்கடிகை போல இடுங்கியிருக்கும் இடம்தான் நீங்கள் கடக்க வேண்டிய தாழ்வு. இந்த மூன்றையும் படத்தில் விரலால் தொட்டுக் காட்டத் தெரிந்தால் போதும். இருப்பினும் 20 மீட்டர் இடைவெளி என்பதை மறக்காதீர்கள்: 15 மீட்டர் உயரமுள்ள பாறைச் சுவர் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். நாகலாபுரம் மலைகள் கெட்டியான குவார்ட்சைட் பாறையால் ஆனவை. அவ்வகைப் பாறை அடுக்கடுக்காக உடைந்து செங்குத்து விளிம்புகளாக நிற்கும். எனவே படத்தில் இல்லாத சுவர்களை எதிர்பார்த்தே போங்கள்.

இனி, மலையில் புதியவர்கள் பெரும்பாலும் எண்ணிப் பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். ஏறும்போது முகட்டின் கிளைகளெல்லாம் மேலே ஒன்றுகூடுகின்றன. எந்தக் கிளையில் ஏறினாலும் ஒரே உச்சிக்கு வந்துவிடுவீர்கள். இறங்கும்போது அதே முகடு பிரிந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு பிரிவிலும் நீங்கள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும், தவறான கிளையில் 200 மீட்டர் இறங்கிய பிறகுதான் அது தவறென்றே தெரியவரும். ஓடைகளில் இது நேர்மாறு: இறங்கும்போது கூடும், ஏறும்போது பிரியும். உங்கள் திட்டத்தில் முதலில் ஓடை வழி ஏற்றமும் பின்னர் மறுபக்க இறக்கமும் வருகின்றன; அதாவது இரண்டுமே பிரிந்துகொண்டே போகும் திசைகள். ஓடைக் கூடல்கள் ஒவ்வொன்றையும், இறக்கத்தில் முகடு பிரியும் இடங்கள் ஒவ்வொன்றையும் வரிசையாக ஒரு தாளில் எழுதி, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நேரக் கணக்குக்கு 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அது நல்ல பாதைக்கும் நல்ல கால்களுக்குமானது. புதர் மூடிய பாதையில் விடையை இரண்டாலோ மூன்றாலோ பெருக்கிக்கொள்வதே அறிவுடைமை. தை மாதத்தில் சூரியன் மாலை 6 மணியளவில் மறையும். பள்ளத்தாக்கின் அடியில் அதற்கு வெகு முன்னரே ஒளி மங்கிவிடும். எனவே, எந்த மணிக்குத் தாழ்வை அடையாவிட்டால் திரும்புவது என்பதைக் காலையிலேயே ஐவரும் பேசி ஒப்புக்கொள்ளுங்கள். தாழ்வு கண்ணெதிரே தெரியும்போது அந்தப் பேச்சைத் தொடங்கினால் யாரும் திரும்பச் சம்மதிக்கமாட்டார்கள்.

மறுமொழி 2: அடிவாரத்தான் (இப்போது மணலி)

ஆசிரியை அம்மா சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. நான் அந்த மலைத்தொடரின் அடிவார ஊர் ஒன்றில் ஆடு மேய்த்து வளர்ந்து, பிழைப்புக்காக மணலிக்கு வந்தவன். ஆகவே படத்தை விட்டுவிட்டுத் தரையைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் ஆட்டுத்தடத்தையும் ஆள்தடத்தையும் பிரித்தறியக் கற்றுக்கொள்ளுங்கள். புதியவர்கள் திசைமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ஆட்டுத்தடத்தில் தரை தெளிவாகத் தேய்ந்திருக்கும், சில இடங்களில் ஆள்தடத்தைவிடத் தெளிவாகவே இருக்கும். ஆனால் நிமிர்ந்து பாருங்கள்: இடுப்பு உயரத்துக்கு மேல் சூரை, காரை, களா முதலிய முட்செடிகள் பின்னிக் கிடக்கும். ஆட்டுக்குத் தேவையான உயரம் அவ்வளவுதான். ஆள் நடந்த பாதையில், இன்று எவ்வளவு புதர் மூடியிருந்தாலும், மார்பு உயரத்திலும் தலை உயரத்திலும் பழைய வெட்டுக்காயங்கள் இருக்கும். கொடுவாளால் சாய்வாக வெட்டிய கிளையின் முனை பல ஆண்டுகளுக்குப் பிறகும் தெரியும். வெட்டுக்குக் கீழிருந்து கொத்தாகத் துளிர்த்த கிளைகள் அதைக் காட்டிக்கொடுக்கும். காற்றில் முறிந்த கிளைக்கு நார் நாரான முனைதான் உண்டு. அடுத்து, ஆட்டுத்தடம் சரிவில் ஒன்றுக்கொன்று இணையாகப் பலவாகப் பிரிந்து, மேய்ச்சல் முடியுமிடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் முடிந்துவிடும். ஆள்தடம் ஒன்றாகவே போகும். மறைந்தாலும் சற்றுத் தள்ளி மீண்டும் தோன்றும்.

மாட்டுத்தடம் ஆள்தடத்துக்கு நெருங்கியது. மாடு செங்குத்தாக ஏறாது, ஏறத்தாழ ஒரே மட்டத்தில் சரிவைச் சுற்றிப் போகும். உங்கள் பெரியவர் சொல்லும் பாதை மாடு போன பாதை என்றால், கையை ஊன்றி ஏற வேண்டிய இடம் வந்தவுடன் பாதையைத் தவறவிட்டுவிட்டோம் என்று முடிவு செய்துவிடலாம். இது எளிய சோதனை, ஆனால் ஏமாற்றாது. விறகுப் பாதைக்கு வேறொரு குணம் உண்டு: அடிவாரத்தில் அகலமாகத் தொடங்கி, மேலே போகப்போகக் கிளைவிட்டு, ஒவ்வொரு கிளையும் விறகு வெட்டிய இடத்தில் முட்டி நின்றுவிடும். பிரிவில் அகலமான கிளையைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இங்கே செல்லாது.

பாறைப்பரப்பில் தடம் இல்லையென்று எண்ண வேண்டாம். நெடுங்காலம் மனிதக் கால் பட்ட பாறையில் பாசிப்பூச்சும் கருமையும் தேய்ந்து, சுற்றுப்புறத்தைவிட வெளிறிய ஒரு பட்டை இருக்கும். உச்சிவெயிலில் அது கண்ணுக்குப் படாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது எதிர்த்திசையில் குனிந்து பார்த்தால் தெரியும். ஏறும் படிபோல வைக்கப்பட்ட ஓரிரு கற்கள், மரத்தின் வேர் மேற்புறம் மழுங்கித் தேய்ந்திருப்பது, சரிவில் மண் சரியாமல் அடுக்கிய சிறு கல்வரிசை ஆகிய எல்லாம் சான்றுகளே. மஞ்சள் குங்குமம் தடவிய கல்லோ, கிளையில் கட்டிய துணியோ தெரிந்தால் அங்கே நின்று சுற்றிலும் பாருங்கள். கன்னிமாரோ காவல் தெய்வமோ இருக்கும் இடத்துக்கு ஒருவழியில் மட்டும் பாதை வராது, பெரும்பாலும் இரண்டு மூன்று வழிகள் அங்கே கூடும்.

ஓடையைக் கடக்கும் இடங்களில்தான் பாதை மிகுதியாகத் தொலையும். ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் வெள்ளம் வந்து உருண்டைப் பாறைகளை இடம் மாற்றிவிடுகிறது. கரை அரித்துக்கொண்டு போவதால், முன்பு ஓடைமட்டத்திலிருந்த பாதைமுனை இப்போது தலைக்கு மேலே ஒரு மண்சுவரில் தொங்கும். மறுகரையில் நேர் எதிரே பார்த்துவிட்டு ‘பாதை இல்லை’ என்று சொல்லாதீர்கள். மேலும் கீழுமாக ஓர் ஐம்பது அறுபது அடி தூரம் கரையை, கால்மட்டத்தில் மட்டுமல்லாமல் தலைக்கு மேலும் பாருங்கள். சுமையோடு நடப்பவர் ஓடையைக் கடப்பது அகலமான, ஆழமில்லாத இடத்தில்தான்; மடுவின் தலைமாட்டில் உள்ள பாறை வரம்பு அதற்கு வழக்கமான இடம்.

உண்ணிச்செடி மூடிய இடத்தைப் பற்றியும் ஒரு சொல். அது வெயில் படும் திறந்த இடத்தில்தான் அடர்ந்து வளரும். பழைய பாதையின் திறப்பு அதற்கு வாகானது. ஆகவே இருபுறமும் மரநிழலாக இருந்து, நடுவே நீளவாக்கில் மட்டும் உண்ணிச்செடி அடைத்துக்கொண்டு போனால், பெரும்பாலும் அந்தச் செடிக்கு அடியில்தான் பாதை இருக்கிறது. அதை வெட்டிக்கொண்டு போகாமல், நிழலுக்குள் இறங்கிப் பக்கவாட்டில் அதையே ஒட்டி நடங்கள். காப்புக்காட்டில் கொடுவாளோடு போவது எத்தகைய விளைவைத் தரும் என்பதை வேறு யாராவது எழுதுவார்கள்.

கேட்டவர்: கொருக்குப்பேட்டைக்காரன்

இவ்வளவு விரிவாக எழுதியமைக்கு இருவருக்கும் நன்றி. இரண்டு துணைக் கேள்விகள் எழுகின்றன. வழி தவறினால் ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கினால் ஊர் வந்துவிடும் என்று எங்கள் குழுவில் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார், அது சரிதானா? மேலும், இணையத்தில் யாரோ பதிவேற்றிய ஜி.பி.எக்ஸ் தடக்கோப்பு (ஒருவர் நடந்த வழியைக் கருவி பதிவு செய்த கோப்பு) ஒன்று கிடைத்திருக்கிறது. அது மடுவுக்கு அப்பால் நாங்கள் போக நினைக்கும் தாழ்வு வழியாகவே செல்கிறது. அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

மறுமொழி 3: காசிமேட்டுக் கடலோடி

நான் மலையேறுபவன் அல்லன், விசைப்படகில் தொழில் செய்பவன். மகனோடு சேர்ந்து இரண்டொரு மலைகளுக்குப் போனதுண்டு. ஆனாலும் எந்தத் தடமும் இல்லாத இடத்தில் வழி பார்ப்பதுதான் எங்கள் அன்றாட வேலை என்பதால் எழுதுகிறேன்.

ஜி.பி.எஸ் வருவதற்கு முன்பு கடலுக்கடியிலுள்ள பார்களை, அதாவது பாறைத்திட்டுகளை, பெரியவர்கள் கரையைப் பார்த்தே அடைந்தார்கள். கரையில் முன்னும் பின்னுமாக இருக்கும் இரண்டு உயரமான பொருள்களை, அதாவது ஒரு புகைபோக்கியையும் அதற்குப் பின்னாலுள்ள ஒரு கோபுரத்தையும், ஒன்றை ஒன்று மறைக்குமாறு நேர்கோட்டில் வைத்துக்கொள்வார்கள். அவை விலகாதவரை படகு அந்தக் கோட்டின் மேல்தான் இருக்கிறது. வேறு திசையில் இதேபோல இன்னொரு சோடி சேர்ந்தால், இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளிதான் நீங்கள் நிற்கும் இடம். நாகலாபுரத்துக்கு மேற்கே நகரி மூக்கு என்று ஒரு முகடு இருக்கிறதல்லவா, அது வானம் தெளிந்த நாளில் கடலிலிருந்து தெரியும். பாய்மரக் கப்பல் காலத்திலிருந்தே மாலுமிகள் அடையாளம் பார்த்த மலை.

மலையிலும் இதைச் செய்யலாம். பாதை மறைந்த சரிவைக் கடக்க வேண்டுமென்றால், புறப்படும் இடத்திலிருந்து எதிரே ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் தொலைவிலுள்ள ஒரு பாறையையும் நேர்கோட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே ஓர் அடையாளத்தை மட்டும் பார்த்து நடந்தால், புதரைச் சுற்றிச் சுற்றி விலகியதே தெரியாமல் வளைந்து போய்விடுவீர்கள். இரண்டு இருந்தால் விலகியவுடன் தெரியும். அதைவிட முக்கியமானது திரும்பிப் பார்ப்பது. போகும்போது தெரியும் மலை வேறு, வரும்போது தெரியும் மலை வேறு. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பின்னால் பார்த்து, ‘திரும்பி வரும்போது இந்த இடம் இப்படித் தெரியும்’ என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வைக்கலாம்.

இன்னொன்று: குறுகிய இலக்கை நேராகக் குறிவைக்காதீர்கள். துறைமுக வாயிலைப் பனிமூட்டத்தில் தேடுபவர், வேண்டுமென்றே சற்று வடக்கே கரையை அடைந்தால், வாயில் தெற்கில் இருக்கிறது என்பதாவது உறுதியாகத் தெரியும். நேராக வாயிலைக் குறிவைத்துத் தவறினால், எந்தப் பக்கம் தேடுவதென்றே தெரியாது. மறுபக்கப் பள்ளத்தாக்கில் ஓடையோடு பாதை சேரும் இடத்தைத் தேடும்போதும், தெரிந்தே ஒரு பக்கமாக விலகி இறங்கி, ஓடையை அடைந்தபின் ஒரே திசையில் தேடிக்கொண்டு போங்கள்.

மறுமொழி 4: பெரம்பூர் புவியியல் ஆசிரியை

ஓடையைப் பிடித்து இறங்கலாமா என்ற கேள்விக்கு: இறங்கக் கூடாது. சமவெளியில் அது சரியான அறிவுரையாக இருக்கலாம். குவார்ட்சைட் மலையில் ஓடை என்பது மடுவும் அருவியும் மாறிமாறி வரும் படிக்கட்டு. ஒரு படியில் சறுக்கி இறங்கிவிட்டால் மீண்டும் மேலே ஏற முடியாத நிலை வரும், அதற்கடுத்த படியோ 30 அடிச் செங்குத்தாக இருக்கும். ஓடைப் பள்ளத்தில் கைப்பேசி அலைவரிசையும் கிடைக்காது, கூவினாலும் நீரோசை விழுங்கிவிடும். ஊருக்கு இறங்கும் பழைய பாதைகள் இத்தகைய மலைகளில் ஓடைக்குள் போகாமல், ஓடைக்கு மேலே சரிவை ஒட்டியே போவது இதனால்தான்.

கடலோடி ஐயா சொன்ன நேர்கோட்டு முறை அருமை. திசைகாட்டியுடன் செய்தால் இன்னும் துல்லியமாக அமையும். சென்னை, நாகலாபுரம் பகுதிகளில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு 2 பாகைக்கும் குறைவு. ஒரு பாகை பிசகினால் ஒரு கிலோமீட்டரில் ஏறத்தாழ 17 மீட்டர்தான் விலகுவீர்கள் என்பதால், இங்கே அந்தத் திருத்தத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. வெளிநாட்டுக் காணொளிகள் அதை விளக்கப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்வது அவர்களுடைய நிலப்பகுதிகளில் அந்த வேறுபாடு பெரிது என்பதால்தான். காந்தப் பொத்தான் உள்ள கைப்பேசி உறையைத் திசைகாட்டிக்கு அருகில் கொண்டுபோகாமலிருந்தால் போதும்.

மறுமொழி 5: திருவொற்றியூர் வரைபடப் பித்தன்

தடக்கோப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். யாரும் திருத்தக்கூடிய திறந்த இணைய வரைபடங்களில் மலைப்பாதைகளைத் திருத்துவது என் பொழுதுபோக்கு என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கோப்பைத் திறந்தவுடன் மூன்று செய்திகளைப் பாருங்கள். முதலாவது, எந்த மாதத்தில் பதிவானது. பங்குனியில் இலையுதிர்ந்த காட்டில் ஒருவர் நேராக நடந்து போன இடம், தை மாதத்தில் பச்சைச் சுவராக இருக்கலாம். இரண்டாவது, எந்தத் திசையில் நடந்தார். அவர் இறங்கிய பாறையில் நீங்கள் ஏறிவிடலாம். அவர் ஏறிய பாறையில் நீங்கள் இறங்குவது வேறு கதை. மூன்றாவது, கோட்டின் தன்மை. நடந்தவரின் கோடு சிறுசிறு நெளிவுகளோடு இருக்கும். திடீரென்று அளவுகோல் வைத்து இழுத்தாற்போல் 300 மீட்டர் நேர்கோடு வந்தால், அங்கே சமிக்ஞை அறுந்து, செயலி இரண்டு புள்ளிகளை இணைத்துவிட்டது என்று பொருள். அந்தக் கோட்டின் மேல் பாதை இல்லை. ஓரிடத்தில் நூல்கண்டுபோல் சிக்கியிருந்தால், அவரும் அங்கே வழிதெரியாமல் சுற்றியிருக்கிறார்.

குறுகிய பள்ளத்தாக்கில் செயற்கைக்கோள் சமிக்ஞை பாறைச் சுவரில் பட்டுத் தெறித்து வருவதால், திறந்த வெளியில் சில மீட்டருக்குள் சரியாகக் காட்டும் கைப்பேசி அங்கே ஐம்பது மீட்டர் தள்ளிக்கூடக் காட்டும். எனவே பள்ளத்தில் நின்று புள்ளியைத் துரத்தாதீர்கள். திறந்த பாறைக்கு வந்ததும் இடத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை இணைய இணைப்பின்றிப் பயன்படுத்தும் வகையில் வீட்டிலேயே பதிவிறக்கிக்கொண்டு, விமானப் பயன்முறையில் வையுங்கள். அந்நிலையிலும் இடங்காட்டும் வசதி இயங்கும், மின்கலமும் நீடிக்கும். உங்கள் சொந்தத் தடத்தை முதல் அடியிலிருந்தே பதிவு செய்யுங்கள். பிறர் தடம் ஒரு செய்தி மட்டுமே. உங்கள் தடம்தான் திரும்பும் வழி.

இன்னொரு வழியும் உண்டு. கூகுள் எர்த் கணினிச் செயலியில் பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். மழைக்குப் பிந்தைய படங்களைத் தள்ளிவிட்டுக் கோடைப் படங்களை மட்டும் பாருங்கள். இலை உதிர்ந்த சரிவில் பழைய பாதை வெளிறிய நூலாகத் தெரியும். பத்தாண்டுக்கு முந்தைய படத்தில் தெரிந்து இன்றைய படத்தில் தெரியாத துண்டுகள்தான் நீங்கள் திணறப்போகும் இடங்கள். ஆசிரியை தாளுக்குத் தரும் முதன்மையை நான் கைப்பேசிக்குத் தருவேன் என்றாலும், நீர் புகாத உறையில் தாளும் இருக்கட்டும்.

மறுமொழி 6: வியாசர்பாடி வழிப்போக்கன்

வழி கண்டறிவதற்கு முன், வழியில் இருப்பதற்கு உரிமை இருக்கிறதா என்பதை உறுதி செய்யுங்கள். அந்த மலைகள் ஆந்திர மாநிலம் திருப்பதி மாவட்டத்தில் இருக்கின்றன. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம், தமிழ்நாட்டு அனுமதி அங்கே செல்லாது. அனுமதிக் கடிதத்தில் எந்தப் பாதை குறிக்கப்பட்டிருக்கிறதோ அதில்தான் நடக்கலாம். மடு வரை அனுமதி பெற்றுக்கொண்டு தாழ்வைத் தேடிப் போகலாகாது. அந்த வட்டாரம் முழுவதும் செம்மரக் கடத்தலுக்காகக் கண்காணிக்கப்படுகிறது. கொடுவாளுடன் பாதையில்லாத காட்டில் நடமாடும் தமிழ்நாட்டு இளைஞர் குழுவை அங்குள்ள காவலர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை.

சிலர் வெளிநாட்டு உறவினர்களிடமிருந்து செயற்கைக்கோள் தூதுக்கருவி வாங்கி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் உரிமமின்றி அதை வைத்திருப்பது சட்டப்படி குற்றம், கொண்டுபோகாதீர்கள். அவசர உதவிக்கு 112. மாசி, பங்குனிக்குத் தள்ளிப்போடவும் வேண்டாம்: 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காய்ந்த புல்சரிவில் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறைகளே வகுக்கப்பட்டன. அனுமதி கிடைக்கவில்லையென்றால், 2024-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் இணையவழி முன்பதிவு செய்து, நம் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைப் பக்கம் போய்வாருங்கள். முட்புதர்க் காட்டில் தடம் பார்த்துப் பழகுவதற்கு அதுவும் நல்ல இடமே.

மறுமொழி 7: அடிவாரத்தான் (இப்போது மணலி)

தடம் அறவே மறைந்தால் முதலில் என்ன செய்வது என்ற கேள்விக்கு இன்னும் யாரும் நேராக விடை சொல்லவில்லை. நில்லுங்கள், ‘இன்னும் கொஞ்ச தூரம் பார்ப்போம்’ என்று ஒருவரும் முன்னால் போகக் கூடாது. கடைசியாக ஐயமின்றிப் பாதை என்று தெரிந்த இடத்துக்குத் திரும்பி, அங்கே ஒருவரை நிற்க வைத்துவிட்டு, மற்றவர்கள் இருவர் இருவராக, நிற்பவரின் குரல் எட்டும் தூரத்துக்குள் விசிறிபோலத் தேடுங்கள். நிற்பவர் எதற்காகவும் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. அரை மணி நேரத்தில் கிடைக்காவிட்டால் அன்றைய நடை அங்கே முடிந்தது என்று திரும்பிவிடலாம். இயற்கை உபாதைக்கு ஒதுங்குபவரும் துணையில்லாமல் போகக் கூடாது, பையைப் பாதையோரம் தெரியும்படி வைத்துவிட்டே ஒதுங்க வேண்டும். அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையில் 2013-இல் அப்படி ஒதுங்கிய ஒரு மூத்த பெண்மணி பாதைக்குத் திரும்ப முடியாமல் தொலைந்தார்; கைப்பேசி அலைவரிசை தேடி மேட்டுக்கு ஏறியது அவரைப் பாதையிலிருந்து இன்னும் விலக்கியது. ஈராண்டுகள் கழித்துத்தான் அவரது உடல் கிடைத்தது. மரந்தோறும் வெள்ளைக் குறி தீட்டிப் பராமரிக்கப்படும் பாதை அது.

அடையாளத்துக்காகக் கிளைகளில் நாடா கட்டுவதையும் கற்குவியல் வைப்பதையும் பற்றி வெவ்வேறு கருத்துகள் உண்டு. என் கருத்து, வைக்காதீர்கள் என்பதே. நீங்கள் தவறான வழியில் வைத்த குவியல், நீங்கள் திரும்பி வந்த பின்னும் அங்கேயே இருந்து அடுத்தவரை அழைக்கும். கட்டியே ஆக வேண்டுமென்றால், திரும்பும்போது ஒன்றுவிடாமல் அவிழ்த்து வரக்கூடிய எண்ணிக்கையில் கட்டுங்கள். அதே காரணத்தால், நீங்கள் காணும் கற்குவியலையும் முழுதாக நம்ப வேண்டாம். அடுத்த சான்று ஒன்று கிடைக்கும்வரை அது வெறும் கல்தான்.

உங்களுடன் வரும் பெரியவரைப் பற்றி ஒரு யோசனை. ‘பாதை எப்படிப் போகும்’ என்று அவரிடம் கேட்டால், ‘நேரா போய் அப்படியே ஏறணும்’ என்றுதான் சொல்வார். அப்படிக் கேட்காமல், மடுவிலிருந்து தாழ்வு வரை வழியிலுள்ள இடங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு சுனைக்கும், பாறைக்கும், மாடு படுக்கவைக்கும் மேடைக்கும் தெலுங்கும் தமிழும் கலந்த பெயர் ஒன்று உண்டு. மேய்த்தவர்கள் பாதையை நினைவில் வைத்திருப்பது அந்தப் பெயர் வரிசையில்தான். ஒவ்வொரு பெயருக்கும், அங்கே தண்ணீர் உண்டா, நிழல் உண்டா, அடுத்த இடம் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியுமா, எந்தக் கைப்பக்கம் ஓடை இருக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலைத் தலப்படத்தில் பொருத்திப் பார்த்து, பொருந்தாத பெயர்கள் எவை என்று இங்கே எழுதினால், எனக்குத் தெரிந்தவற்றை நான் சொல்கிறேன். ஊரிலிருக்கும் என் மாமாவிடமும் கேட்டுச் சொல்கிறேன்.